துட்டி கழியாத வீடு

கணேஷ்ராமுக்கு வாய் சும்மா இருக்காது. பாளையங்கோட்டையில் இருபது வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வாசலில் காக்கா வந்து உட்கார்ந்தாலும் "வாங்க, வாங்க" என்று கூப்பிடுகிற ரகம். அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, பனங்காட்டு நடுவில் பாழாய்க் கிடந்த கள்ளுக் குத்தகைக்காரர் பங்களாவை அவர் வாங்கி, ஓடு மாற்றி, எட்டு அறைக்கும் வெள்ளையடித்து, குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிற மாதிரி ஆக்கியிருந்தார். அவர் மனைவி விஜயஸ்ரீக்கு மட்டும் அந்த வீட்டைக் கண்டாலே ஆகாது.

"பிள்ளையை அங்கன கூட்டிட்டுப் போகாதீங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

பிள்ளை என்றால் சுகிர்தா. ஏழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, போகாத கோயிலெல்லாம் போய்ப் பெற்ற ஒரே பெண். சனிக்கிழமை லீவு, நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"பொழுதடையறதுக்குள்ள முழுசாக் கொண்டாந்து உன் கையில ஒப்படைக்கேன், போதுமா?" என்றார் கணேஷ்ராம்.

அன்றைக்குத்தான் முதல் கூட்டம். மணப்பாட்டிலிருந்து ஜேசுதாசன் குடும்பம், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இருபத்தாறு பேர், வேனில் வருகிறார்கள். மத்தியானம் இலைபோட்டுச் சாப்பாடு. பின்கட்டு அடுப்படியில் தவசிப்பிள்ளை நாறும்பூநாதன் அவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல். எந்த வீட்டில் எது நடந்தது என்பதும் அத்துபடி.

"சார்வாள், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக. இது துட்டி கழியாத வீடு."

"என்ன அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்திப் பேசுதீரு?"

"குத்தகைக்காரர் மக கல்யாணத்துல பனையேறிகளுக்கு இந்தக் கூடத்துல தனிப் பந்தி. கள்ளுல என்னத்தக் கலந்தானுவளோ, அத்தனை பேரும் இலை முன்னாலயே சரிஞ்சுட்டாங்க. அந்த மனுசன் கூடத்தப் பூட்டிட்டுத் தாலிய கட்டச் சொன்னாரு. பெறகு அள்ளிக் கொண்டுபோய் ஓடையில பொதைச்சாச்சு. ஒரு அழுகை உண்டா, கருமாதி உண்டா? அதனால, வாரவங்கள வாங்கன்னு சொல்லாதீக. போறவங்கள போயிட்டு வாங்கன்னு சொல்லிராதீக. துட்டி வீட்டுல சொல்லுவமா?"

சொல்ல மாட்டோம்தான். சாவு வீட்டில் யாரும் யாரையும் வரவேற்பதில்லை. போகும்போது சொல்லிக்கொள்வதும் இல்லை. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும்.

"விருந்தாளி வந்தா மாடு மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கணுமாக்கும்? நல்லாருக்குவே!" என்று சிரித்துவிட்டுக் கூடத்துக்குப் போனார் கணேஷ்ராம்.

உச்சி வேளை. அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த பனை ஓலைகள் ஓய்ந்துவிட்டன. கூடத்தில் எதிரும் புதிருமாக இருபத்தாறு இலை போட்டாயிற்று. சுகிர்தா ஒவ்வொரு இலையிலும் உப்பு வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசல் வெளிச்சம் மறைந்தது.

நிமிர்ந்து பார்த்தார். ஆட்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வேன் சத்தம் கேட்கவில்லையே? வரப்போரம் நிறுத்திவிட்டு நடந்து வந்திருப்பார்கள்.

"வாங்க, வாங்க! உக்காருங்க" என்றார் வாய் நிறைய.

ஆளுக்கொரு இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஆண்கள். பெண்டு பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று யோசித்தபடியே சோறு பரிமாறிவிட்டு, வாளியை எடுத்துச் சாம்பார் ஊற்றினார். குனிந்தபோது முதல் ஆளின் வெற்று நெஞ்சு தெரிந்தது. நடுநெஞ்சில் கறுத்துத் தடித்த காய்ப்பு. அடுத்த ஆளுக்கும் அதே காய்ப்பு. அதற்கடுத்த ஆளுக்கும்.

மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி இறங்குகிறவனுக்குத்தான் அப்படிக் காய்க்கும்.

புளித்த வாடை அடித்தது. கள் வாடை. கள் இறக்கக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்திப் பத்து வருஷம் ஆகப்போகிறது.

கணேஷ்ராம் ஊற்றிய சாம்பார் இலையைத் தாண்டித் தரையில் சிந்தியது.

கடைசி இலையில் இருந்த பெரிய ஆள் மட்டும் தலையைத் தூக்கினான். அவரைப் பார்க்கவில்லை. சுகிர்தாவைப் பார்த்தான். பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டினான்.

"இங்கன இரு தாயி."

அவள் மிச்சமிருந்த இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுகி, எந்திரி" என்று சொல்ல நினைத்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலும் நகரவில்லை. இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், ஒரு சத்தம் இல்லை. மெல்லுகிற சத்தம்கூட இல்லை.

பிறகு ஒரே நேரத்தில் இலை மடிக்கிற சத்தம் கேட்டது.

எழுந்தார்கள். கை கழுவாமல், திரும்பிப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தார்கள். போகிறார்கள், தொலைந்தார்கள், பிள்ளை இங்கேதான் இருக்கிறாள் என்ற நிம்மதியில் அவருக்கு நாக்கு அவிழ்ந்தது. அவிழ்ந்த நாக்கு பழகின தடத்திலேயே ஓடியது.

"போயிட்டு வாங்க."

அத்தனை பேரும் நின்றார்கள்.

"வாரோம்."

இருபத்தாறு வாயிலிருந்தும் ஒரே குரல். அடுத்த நொடி வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

தூரத்தில் வேன் ஹாரன் கேட்டது. பாயச வாளியோடு வந்த நாறும்பூநாதன் இலைகளைப் பார்த்தார், கணேஷ்ராமைப் பார்த்தார், வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

நல்ல காரியமென்றால் இலையை மேலிருந்து நம் பக்கமாக மடிப்போம். துட்டி வீட்டில்தான் கீழிருந்து எதிர்ப்பக்கமாக மடிப்பது. இருபத்தாறு இலையும் எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தன. இருபத்தேழாவது சுகிர்தாவின் இலை. அதுவும் அப்படித்தான்.

"அந்த மாமாதான் இப்படி மடிக்கச் சொன்னாக" என்றாள்.

"என்னமும் சொன்னீகளா சார்வாள்?" என்றார் நாறும்பூநாதன். கணேஷ்ராம் வாசலுக்கு ஓடினார். வந்திறங்கிய ஜேசுதாசனிடம் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பங்களாவைப் பூட்டிச் சாவியைத் தவசிப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். சொன்ன மாதிரியே பொழுதடைவதற்குள் விஜயஸ்ரீ கையில் ஒப்படைத்தார். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அவரைச் சும்மா விடுவாளா?

சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வீட்டில் அப்பாவும் மகளும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விஜயஸ்ரீ அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்துக் காற்று சட்டென்று நின்றது.

வாசல் கதவு தட்டப்பட்டது. ஒரு கை தட்டுகிற தட்டல் இல்லை அது.

கணேஷ்ராம் பதறி எழுந்தார். "விஜயா, பேசாத! வாயத் தொறக்காத!"

எண்ணெய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"யாரு? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. வாங்க, வாங்க!"

கதவு திறந்தது. யாரும் இல்லை. புளித்த வாடை மட்டும் உள்ளே வந்து, கூடத்தைத் தாண்டி, இலைப் பக்கம் வந்து நின்றது.

சுகிர்தா சிரித்தாள். பைய நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடாத இலையைக் கீழிருந்து எடுத்து, எதிர்ப்பக்கமாக மடித்தாள்.