பைப்புக்குக் கீழே ஆஸ்டின்

"அய்யோ... உள்ள ஆளு கீறான் சார்!"

பொக்லைன் டிரைவர் அலறிக்கொண்டே குதித்தான்.

அபிராமபுரம் கால்பந்து மைதானம். மழை பெய்தால் குளமாகிவிடும் அந்தப் புல்தரையில் புது வடிகால் பதிக்கும் வேலை. கான்ட்ராக்டர் ஷோயப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

பழைய பைப். அதற்குக் கீழே எலும்புக்கூடு. கழுத்தில் ஒரு வெள்ளி விசில்!

"ஆஸ்டின்...!"

கோச் ஆஸ்டின். 2018 செப்டம்பரில் காணாமல் போன, ஷோயப்பின் உயிர் நண்பர்.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஷண்முகப்ரியா வந்துவிட்டார். கிளப் செக்ரட்டரி கணேசமூர்த்தி முந்திக்கொண்டார்.

"மேடம், அதே செப்டம்பர்ல இங்க பைப் பொதைச்சது இந்த ஷோயப்தான். அப்புறம் ஒருத்தரும் இந்த மண்ணைத் தொடல. கேட் சாவியே என்கிட்ட மட்டும்தான் இருக்கு!"

"மேடம்... அவன் என் ஃப்ரெண்ட். அவனைத் தேடி மூணு மாசம் அலைஞ்சேன்..."

"பொதைச்சிட்டுத் தேடினியா?" கான்ஸ்டபிள் சிரித்தார்.

"நான் போட்டப்ப அடியில வெறும் மண்ணுதான் மேடம்!"

"சாட்சி?"

ஷோயப் நினைவைத் துழாவினார். அன்று கூட வேலை செய்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ... பெயர்கூட நினைவில்லை.

செல்போன் அதிர்ந்தது. மனைவி நாஸியா! கான்ஸ்டபிள் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரே வார்த்தை... பயந்துடுவா சார்..."

"ஸ்டேஷன்ல பேசு."

வேலிக்கு வெளியே கூட்டம் படம் எடுத்தது. ஷோயப் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஷண்முகப்ரியா பள்ளத்தில் இறங்கினார். எலும்புக்கு மேலே இருந்த பைப்பைத் துடைத்தார்... பக்கத்துத் துண்டுகளையும் துடைத்தார்... நின்றார்.

"சார், பைப்புல தயாரிச்ச மாசம் அச்சடிச்சிருக்கும். தெரியுமா?"

"தெ... தெரியாதே!" என்றார் கணேசமூர்த்தி.

"மத்த பைப் எல்லாம் 2018 ஜூலை. இந்த ஒரு துண்டு மட்டும்... டிசம்பர்!"

ஷண்முகப்ரியா கணேசமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"செப்டம்பர்ல போட்ட பைப்பு. யாரும் தொடல. சாவி உங்ககிட்ட. அப்ப மாத்தினது யாரு?"

கணேசமூர்த்தி பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கிளப் நிலத்தை நான் விக்கப் பாத்தது ஆஸ்டினுக்குத் தெரிஞ்சுபோச்சு... அடிச்சேன்... செத்துட்டான். பொதைக்கறப்ப பைப் ஒடைஞ்சுது. மழையில அந்த எடத்துல மட்டும் தண்ணி தேங்குச்சு. யாராவது தோண்டிடுவாங்களோன்னு, நானே மாத்தினேன். இப்ப கமிட்டி தோண்டச் சொன்னப்ப... தடுக்க முடியல மேடம்."

ஷோயப் நிமிர்ந்தார். தப்பித்துவிட்டார்தான். ஆனால் விசிலைப் பார்த்த கண்கள் நிற்காமல் வழிந்தன.

ஷண்முகப்ரியா ஜீப் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க செக்ரட்டரி சார். எங்க லாக்கப்புலயும் மழைத்தண்ணி தேங்குது... பைப் மாத்த ஆள் தேடிக்கிட்டு இருந்தோம்!"