ஜாடியில் பிறந்த ஆரஞ்சு

டெலிபோன் அலறியது.

டாக்டர் எவாரிஸ்ட் கிளிமெந்த் எடுத்தார். ஸ்பெயினின் வலென்சியாவில், ஜாடிக்குள் செடி வளர்க்கும் திசு வளர்ப்பு என்றால் அவர்தான் என்று பலரும் அறிவார்கள்... அவரே சொல்லியிருக்கிறார்.

"சார்... இலை டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. நூத்துக்கு நூறு உங்க ரகம்."

"யார் தோட்டம்?"

"பத்தீஸ்த் ரிபெல்யெஸ். கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஒத்தை மரம்."

டாக்டர் சிரித்தார்.

அவர் எதிரே, கண்ணாடி அலமாரிகளில் நாலாயிரம் ஜாடிகள்! ஒவ்வொன்றிலும் விரல் நுனியளவு பச்சைக் குருத்து. மே மாதம் பழுக்கும், கொட்டையில்லாத மாண்டரின் ஆரஞ்சு. ஆறு வருடம் முன்பு தன் ஜாடியிலேயே உருவான புது ரகம் என்று சொல்லி உரிமை வாங்கியிருந்தார். அவரைக் கேட்காமல் யாரும் வளர்க்கக் கூடாது. வளர்த்தால்... ரம்பம்!

அடுத்த வாரம், காலை பத்து மணி. தோட்டம்.

சார்ஜண்ட் ரெமேய் ஒரு கையில் கோர்ட் உத்தரவும், மறு கையில் முழ நீள சாஸேஜ் ரொட்டியுமாக வந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சுடறேன் டாக்டர். இந்த ஊர்ல பத்து மணி டிபனுக்குக் கொலைகாரனே கத்தியைக் கீழ வெச்சுடுவான்."

"முதல்ல வெட்டச் சொல்லுங்க மேடம். திருட்டு மரம்."

பத்தீஸ்த் மரத்தில் சாய்ந்து நின்றார். வயது அறுபத்தைந்து. நகரவில்லை.

"எங்கப்பா நட்டது. இந்த ரகத்துல உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"என்கிட்ட நாலாயிரம் இருக்கே, பெரியவரே."

சார்ஜண்ட் மரத்தைச் சுற்றி வந்தாள்.

"நல்லா தடியா இருக்கே. ஆறு வயசு மாதிரி தெரியலையே டாக்டர்?"

"பழைய அடிமரத்துல புதுசை ஒட்டுறது இங்க எல்லாரும் பண்றதுதான். கணுக்கால் உயரத்துல பாருங்க, ஒட்டுத் தழும்பு. கீழ இருக்கறது பழசு. மேல அத்தனையும் என் சரக்கு."

"நிச்சயமா?"

"எழுதித் தரட்டுமா?"

"தாங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பத்தீஸ்தை இரண்டு போலீஸ்காரர்கள் விலக்கினார்கள். ரம்பம் இடுப்பு உயரத்தில் இறங்கியது. முக்கால்வாசி போனது...

க்ரீச்ச்ச்!

பொறி பறந்தது. ரம்பத்தை உருவினார்கள். மரம் முனகிக்கொண்டே சாய்ந்து விழுந்தது.

வெட்டுப்பட்ட இடத்தில், மரத்துக்குள் புதைந்து... ஒரு தகரத் துண்டு!

சார்ஜண்ட் கத்தியால் நெம்பி எடுத்தாள். துருவைத் துடைத்தாள். ஆணியால் குத்திய எழுத்துகள்.

ரிபெல்யெஸ். 1984.

"சின்னக் கன்னா இருந்தப்ப எங்கப்பா கம்பியில கட்டுன தகடு," என்றார் பத்தீஸ்த், தரையில் உட்கார்ந்தபடி. "அவுக்க மறந்துட்டாரு. மரம் முழுங்கிடுச்சு."

சார்ஜண்ட் டாக்டர் எழுதித் தந்த காகிதத்தைப் பிரித்தாள்.

"தழும்புக்கு மேல அத்தனையும் உங்க சரக்கு. வயசு ஆறு. அதுக்குள்ள நாப்பது வருஷத் தகடு எப்படிப் போச்சு டாக்டர்?"

டாக்டர் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்றேன் மேடம்," என்றார் பத்தீஸ்த். "ஆறு வருஷம் முன்னாடி வந்தாரு. பூச்சி இருக்கு, பார்த்துச் சொல்றேன்னு ஒரு கிளை ஒடிச்சுட்டுப் போனாரு. இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காரு."

டாக்டர் கைக்குட்டையைத் தேடினார்.

மூன்று வாரம் கழித்து அதே கோர்ட் சொன்னது... உரிமை ரத்து! ஜாடியில் இருக்கும் ஒவ்வொரு குருத்தும் அந்தக் கிளையின் துண்டு. மரம் யாருடையதோ, ஜாடியும் அவருடையதே.

லாரி வந்தது. வேலையாட்கள் வேலையை விட்டு நின்றுவிட்டதால் டாக்டரே தட்டுத் தட்டாகச் சுமந்தார். நாலாயிரமும் ஏறியது.

பத்தீஸ்த் லாரிக் கதவைச் சாத்தினார். டாக்டரின் தோளில் அன்பாகத் தட்டினார்.

"கொல்லைல ஒரு எலுமிச்சை மரமும் வயசாகி நிக்குது டாக்டர்... அதை எப்ப வெட்ட வர்றீங்க?"