ஸ்கேன் மையத்தில் நின்றுபோன நகல்

"பிந்தி வந்திருக்கீங்க," என்றார் பெரியவர்.

துப்பறிய வந்தவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். மறுத்துப் பேசாமல் உட்கார்ந்தார். கூட வந்த உதவியாளப் பெண்ணுக்குத்தான் முகம் சுருங்கியது.

ஸ்கேன் மையம் பெரியவரின் குடும்பச் சொத்து. நோயாளிகளின் படங்கள் எல்லாம் உள்ளறைச் சர்வரில் இருந்தன. இங்கே தீயே பிடித்தாலும் அவை பிழைக்க வேண்டும் என்று, ஒவ்வொரு படத்தின் நகலும் இணையம் வழியே தொலைவிலுள்ள கிளவுடு சேமிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மருமகன் பொறுப்பேற்ற அன்றே அது நின்றுவிட்டது. இப்போது சர்வரின் டிஸ்க்கும், பழுதாகப் போவதுபோல, முனகத் தொடங்கியிருந்தது.

"மாப்பிள்ளை வேலைதான். போட்டிக்காரன் வலை விரிச்சிருக்கான்னு கேள்வி. பாஸ்வேர்டு அவர் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. விஷயம் வெளியே போகக் கூடாது. நீங்க உறுதியாச் சொல்லுங்க, இன்னைக்கே அனுப்பிடறேன். என் பொண்ணு அழுதாலும் சரி."

பெரியவர் இருவரையும் அழைத்துப்போனதும், சர்வர் அறையில் மருமகன் எழுந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. உதவியாளப் பெண் திரையை நோக்கிப் பாய்ந்து, அவர் சொன்ன பாஸ்வேர்டைத் தட்டினாள்.

"அனுமதி இல்லைன்னு வருது சார். பாஸ்வேர்டை மாத்திட்டாரு. ஆள் அகப்பட்டாச்சு."

"அதே பாஸ்வேர்டை உன் லேப்டாப்ல போட்டுப் பாரு."

போட்டாள். கிளவுடு உடனே திறந்தது.

"சாவியில குறை இல்லை," என்றார் துப்பறிபவர். "ஐயா, நான் பிந்தி வரலை. உங்க கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுது."

"ஓடத்தான் செய்யும். எங்கப்பா அப்படி வச்சது. எங்க குடும்பத்துல யாரும் எங்கேயும் பிந்தினதில்லை."

"இந்தச் சர்வரும் அதே பத்து நிமிஷம் முந்தி ஓடுது. நேரம் ஒத்துப்போகலைன்னா, வர்றது போலின்னு கிளவுடு தள்ளிடும். நகல் நின்னது அதனாலதான். நேரத்தை மாத்தினது யாரு தம்பி?"

மருமகன் தரையைப் பார்த்தார். பெரியவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மருமகன் பொறுப்பேற்ற முதல் நாள் இதே வாசலில் நின்று அவர்தான் சொன்னார்: 'கம்ப்யூட்டர்ல நேரம் தப்பா இருக்கு. நம்ம கடிகாரத்துக்குச் சரியா வையுங்க.'

"நான் சொல்லித்தான் மாத்தினார்," என்றார் பெரியவர்.

"நீங்க சொன்ன முதல் வேலை மாமா. தட்ட மனசு வரலை. இதனாலதான் நிக்குதுன்னு எனக்கும் உறைக்கலை."

"திருப்பி வையுங்க மாப்பிள்ளை. சீக்கிரம்."

மருமகனின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. டிஸ்க் மறுபடி முனகியது.

"போகுது சார்," என்றாள் உதவியாளப் பெண், மெதுவாக.

கடைசிப் படம் போய்ச் சேரும்வரை பெரியவர் அந்த அறையை விட்டு நகரவில்லை. பிறகு கூடத்துக்கு வந்து, ஊழியர்கள் எல்லாரும் பார்க்க, சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"மாப்பிள்ளை மேல ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர், கடிகார முள்ளில் கை வைத்தார். நாற்காலி ஆடியது.

"பிடிச்சுக்கோங்க மாப்பிள்ளை. இந்த உடம்புக்கு எங்கேயும் நகல் இல்லை."