அண்ணன் பேரில் ஒரு வேலை

பெரியவரின் வாயைத் திறக்க முடியவில்லை.

சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸ் சீருடையிலிருந்த இளைஞன் இரண்டு கையாலும் அவர் தாடையை அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. மூச்சு கொடுக்கும் டியூபை எப்படி உள்ளே விடுவது?

படித்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

அவன் படித்தவன் இல்லை. டெக்னீஷியன் படிப்பை முடித்தது அவன் அண்ணன். அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட, பீரோவில் சும்மா கிடந்த சர்டிபிகேட்டை நீட்டி, அண்ணன் பேரிலேயே வேலை வாங்கியிருந்தான். மூன்று வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த நல்ல வேலை. சேர்ந்து ஒன்பது நாள். யாராவது அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் சுருக்கென்றது.

"எப்ப விழுந்தாரு?"

"இப்பதாங்க," என்றான் பெரியவரின் மருமகன். "மாமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

பெரியவரின் உடம்பு சில்லென்றிருந்தது. ஏ.ஸி.யினால் இருக்கும்.

"போயிட்டாருன்னா சொல்லிடுங்க." மருமகன் கண்ணைத் துடைத்தான். "எழுதிக் குடுத்தா ஆக வேண்டியதை நாங்க பாத்துக்கறோம்."

எழுதுவதா...?

ஐந்து நிமிஷம் முன்பு உயிரோடு இருந்த மனுஷர். தனக்குத் தொழில் தெரியாத பாவத்துக்கு அவரைச் செத்தவர் என்று எழுதுவதா?

ஸ்ட்ரெச்சரை விரித்தான்.

"தூக்குங்கண்ணே," என்றான் டிரைவரிடம். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"எதுக்குங்க வீண் அலைச்சல்?" மருமகன் வாசலை மறித்தான்.

"தள்ளுங்க சார்."

வழியெல்லாம் பெரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தான்.

"தம்பி, முடிஞ்சுபோச்சு போலிருக்கே," என்றார் டிரைவர்.

"முடியல. நீங்க ஓட்டுங்க."

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டரம்மா பெரியவரின் இமையை விலக்கிப் பார்த்தார். உதட்டைப் புரட்டிப் பார்த்தார். போனை எடுத்துத் தணிந்த குரலில் யாரிடமோ பேசினார்.

அவனால் தாங்க முடியவில்லை.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன்."

டாக்டர் திரும்பினார்.

"சர்டிபிகேட் எங்கண்ணனோடது. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாயைத் திறக்கக்கூடத் தெரியல. வேற யாராவது போயிருந்தா பிழைச்சிருப்பாரு." குழந்தை மாதிரி அழுதான்.

"உக்காருங்க. இவர் செத்து நாலஞ்சு மணி நேரம் ஆச்சு. அதான் தாடை விறைச்சிருக்கு."

"அஞ்சு நிமிஷம்னு மருமகன் சொன்னாரே..."

"சொல்லுவாரு. கண்ணுல ரத்தப் புள்ளி. உதட்டுக்கு உள்ளே பல்லு பதிஞ்ச காயம். தலகாணியை வெச்சு அமுக்கியிருக்காங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரின் முகத்தைப் பார்த்தான்.

"தொழில் தெரிஞ்சவன் தாடையைத் தொட்டதுமே, வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த கேஸுக்குப் போயிருப்பான். சாயங்காலத்துக்குள்ள எரிச்சு முடிச்சிருப்பாங்க."

நான் கொல்லவில்லை... நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. காலையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவியின் முகம் கண்முன் வந்தது. ஒருவேளை வேலைகூடத் தப்பிக்குமோ?

தோளில் ஒரு கை விழுந்தது. டாக்டரம்மாவின் போனுக்கு ஆஸ்பத்திரி போலீஸ் சாவடியிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர்.

"உன்னால ஒரு கொலைகாரன் மாட்டினான். ரொம்ப நன்றி. நீ அழுதுக்கிட்டே சொன்னதையும் வாசல்ல நின்னு கேட்டேன். வா, வந்து ஜீப்புல ஏறு."

ஜீப்பின் பின்சீட்டில் மருமகன் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே காரில் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மாட்டியிருந்தான்.

எதிரே வந்து உட்கார்ந்தவனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏன்யா, நீ மட்டும் ஒழுங்காப் படிச்சிட்டு வந்திருந்தா நாம ரெண்டு பேருமே தப்பிச்சிருக்கலாமே!"