நீலமாகாத முக்காடு

நாடக இயக்குநர் அம்மாள் ஓட்டமும் நடையுமாகத் துப்பறிவாளரின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“சார், நாளைக்கு அரங்கேற்றம். மணப்பெண்ணோட முக்காட்டைக் காணோம்!”

கிழட்டுக் காப்பாளரை ஏமாற்றிவிட்டு ஒரு பெண் தன் காதலனை மணக்கும் பழைய நகைச்சுவை இசை நாடகம் அது. அதைப் புதுக் கோலத்தில் மேடையேற்றுகிறார் இவர். பழைய உடைகளில் மிஞ்சியது அந்த வெள்ளை லேஸ் முக்காடு ஒன்றுதான்.

“அதுக்கு நீலச் சாயம் போடலாம்னு இன்னைக்குக் காலைலதான் முடிவு பண்ணினேன். உடை அறையில வச்சு தையல்காரம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்க சாயம் வாங்கிட்டு வர்றதுக்குள்ள மாயமாயிடுச்சு.”

அரங்கத்தில் துப்பறிவாளரின் உதவியாளினி பெட்டி பெட்டியாகக் குடைந்தாள். மணப்பெண்ணாகப் பாடுபவள் மூக்கை உறிஞ்சினாள். “இது எனக்கு முதல் கதாநாயகி வேஷம். நான் எடுப்பேனா சார்?”

காப்பாளர் வேடக்காரரின் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் தையல்காரம்மா. “நேத்து கச்சிதமா இருந்துச்சு. ஒரே நாள்ல தொந்தி பெருத்துடுச்சா?”

“விடுங்கம்மா,” என்று சிரித்தார் அவர். “நீல முக்காட்டைப் பார்த்தா மாப்பிள்ளையே ஓடிருவான்.”

துப்பறிவாளர் வேடக்காரரையும் உதவியாளினியையும் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

“ஐயா, நீலம்னு உங்களுக்கு யார் சொன்னது? அவங்க ரெண்டு பேரும் பேசினப்ப நீங்க உடை அறைத் தடுப்புக்குப் பின்னால இருந்திருக்கீங்க. அப்புறம், பொய்த் தொந்திக்குப் பஞ்சு மட்டும் போதுமே, உள்ள வேற என்ன வச்சிருக்கீங்க?”

உதவியாளினி வாயைப் பிளந்தாள். வேடக்காரர் மெதுவாகப் பொத்தானைக் கழற்றி முக்காட்டை வெளியே எடுத்தார்.

“அப்பல்லாம் இந்த நாடகத்துல நான்தான் காதலன். மணப்பெண் என் மனைவி. இதை நான் விலக்கும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடிச்சுக்குவா. என்னை விட்டுப் போய் ரொம்ப காலமாச்சு. எங்கயோ பாட்டு சொல்லித்தர்றாளாம். இதுல சாயம் ஏறிட்டா அவ முகமே மறந்துடுமோன்னு பயந்துட்டேன்.”

கதவருகே நின்ற இயக்குநர் கேட்டுவிட்டார். கோபம் வரவில்லை. “நீங்களே வச்சுக்குங்க. வேற துணி பார்த்துக்கறேன்.”

“வேண்டாம்மா. அந்தப் பொண்ணே போடட்டும். வெள்ளையாவே.”

மறுநாள் மேடையில் காதலன் முக்காட்டை விலக்கினான். மணப்பெண் முகம் மலர்ந்தாள். ஏமாந்த கிழவர் மார்பில் அடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய இடம். அடித்துக்கொண்டார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. முகத்தை மட்டும் அவர் திருப்பவில்லை.

“திரும்பணுமே சார்?” என்று கிசுகிசுத்தாள் உதவியாளினி.

“பார்க்கட்டும் விடும்மா,” என்றார் துப்பறிவாளர்.