காற்றுப் புகாத பெட்டி

முதலில் அசைந்தது ஒரு மரச்சுருள்தான். இழைப்புளி தள்ளிவிட்டது, நகத்தைவிடச் சின்னது. தரையில் மல்லாத்திப் போட்டிருந்த பெட்டியின் இடது ஸ்பீக்கர் மேல் விழுந்து கிடந்தது. ரேடியோக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தபோது அந்தச் சுருள் மெல்ல ஏறியது, ஒரு நூல் உயரம் இருக்கும், பிறகு மெல்ல இறங்கியது. மின்விசிறியின் வேலை என்று நினைத்து அதை அணைத்தார். ஜன்னலையும் சாத்தினார். சுருள் மறுபடியும் ஏறி இறங்கியது. அந்த ஸ்பீக்கருக்கு அவர் இன்னும் ஒயரே கொடுக்கவில்லை.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டுதான், ஆனால் தெருவில் எல்லாருக்கும் அவர் ரேடியோக்காரர். மிக்சியோ ஆம்ப்ளிஃபையரோ, எதைக் கொடுத்தாலும் அரை மணியில் திறந்துவிடுவார், திருப்பி மூடத்தான் நாள் நட்சத்திரம் பார்ப்பார் என்று அவர் மனைவி கேலி செய்வாள். அவள் நர்ஸ். பகல் ஷிஃப்டுக்குக் காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வீடு. அதுவரை வீடும், பின்கட்டுப் பட்டறையும், நாலு வயது மகளும் அவர் பொறுப்பு. மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளை.

ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரு சினிமா கொட்டகையில் திரைக்குப் பின்னால் முப்பது வருஷம் இருந்தவை; கொட்டகையை இப்போது இடிக்கிறார்கள். மனைவியின் தம்பிதான் கழற்றிக் கொண்டுவந்து இறக்கினான். சாப்பாட்டுத் தட்டைவிட அகலம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் காந்தம். காகிதக் கூம்பு மட்டும் மக்கிப் போயிருந்தது. பழைய கூம்பை வட்டமாக அறுத்தெடுத்து, கம்பிச்சுருளைத் துடைத்து, புதுக் கூம்பு ஒட்டினார். பதினெட்டு மில்லிமீட்டர் பலகையில் பெட்டி அடித்தார். சேர்க்குமிடமெல்லாம் பசை, நாலு விரலுக்கு ஒரு திருகு. இந்த வேலையில் வேதவாக்கு ஒன்றுதான். பெட்டிக்குள்ளிருந்து காற்று கசியக் கூடாது. கசிந்தால் அடிநாதம் செத்துவிடும். சோதித்துப் பார்ப்பதும் சுலபம். ஒரு கூம்பை உள்ளங்கையால் அழுத்தினால், உள்ளே அமுங்கிய காற்று பக்கத்துக் கூம்பை மேலே தள்ளும். அது சட்டென்று விழாமல் நிதானமாக இறங்கினால் பெட்டி சுத்தம்.

மச்சினன் வந்து பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இதப் பெட்டின்னு சொல்லாதீங்க. உள்ள ஒரு ஆள வாடகைக்குக் குடி வைக்கலாம்" என்றான். ரேடியோக்காரரும் சிரித்தார். அது போன வாரம்.

வாலுவுக்கு ரெண்டு வயதிலிருந்து இளைப்பு. முதுகில் காதை வைத்தால் உள்ளே ஒரு மெல்லிய விசில் கேட்கும். ரெண்டு தரம் சின்னதாக, அப்புறம் ஒன்று நீளமாக, அதன் கடைசியில் ஒரு சின்னத் தடங்கல், மாடிப்படியில் கால் இடறின மாதிரி. அந்தத் தடங்கலில் அவருக்குத் தன் நெஞ்சே அடைத்துக்கொள்ளும். இந்தப் பிஞ்சுக்கா வர வேண்டும், எனக்கு வந்து தொலைக்கக் கூடாதா என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார், யாருக்கும் தெரியாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் ஓடி வந்து இரைக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும் அவருக்கு.

அது நடந்தது. பெட்டியில் ஸ்பீக்கர்களைப் பொருத்தி மூடிய நாளிலிருந்து இளைப்பு இல்லை. முதுகில் காது வைத்தார், விசிலே இல்லை. நாலு நாளாக இல்லை. சுருள் அசைந்த அன்று மத்தியானம் மனைவி போன் செய்து கேட்டாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு இளைப்பு இருக்கா?"

"துளிகூட இல்ல. மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருக்கா."

மருந்து கேட்டுவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தத் தூசி அறைக்குள் மட்டும் பிள்ளையை விட வேண்டாம் என்றாள். அவர் போனை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார். வாலு வாசற்படிக்கு அந்தப் பக்கம், அவர் போட்டுவைத்த சாக்பீஸ் கோட்டைத் தாண்டாமல், குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துவிட்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் தெருவே காணாமல் போனது.

அவர் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, கூம்பின் மேல் காதை வைத்தார். பசையின் காரமான வாடை வந்தது. அதற்கும் அடியில் வேறொரு வாடை, கொட்டகையின் வாடையாக இருக்க வேண்டும், நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கனத்த திரைச்சீலையும், இருட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த நூறு பேரின் வியர்வையும் கலந்தது போல. கூம்பு கன்னத்தில் உரசி ஏறியது. இறங்கியது. உள்ளே சத்தம் இருந்தது.

ரெண்டு தரம் சின்னதாக. அப்புறம் ஒன்று நீளமாக. கடைசியில் அந்தத் தடங்கல்.

 வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவருக்கும் கால் துடித்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் வாலு சௌக்கியமாகப் படுத்து, பச்சைப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், முதுகு சீராக ஏறி இறங்குகிறது, ஒரு முனகல்கூட இல்லை. அப்போதுதான் அவர் மனதில் அந்த எண்ணம் விழுந்தது. நோய் இடம் மாறிவிட்டது. பிள்ளையை விட்டு இறங்கி, எந்தச் சனியனோ அதை இந்தப் பெட்டிக்குள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. யார் வாங்கினால் என்ன, எப்படி வாங்கினால் என்ன! திரும்பி வராமல் இருந்தால் போதும்.

மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி, பெட்டியின் சேர்க்கைகளை ஒட்டி மெதுவாக நகர்த்தினார். கசிவு பார்க்கும் வழி அது. மூலைகளில் சுடர் நேராக நின்றது. பக்கவாட்டில், ஒயருக்காகத் துளைத்து இன்னும் அடைக்காமல் விட்டிருந்த இடத்தில் மட்டும் பெட்டியைப் பார்த்துச் சாய்ந்தது. பிறகு அவரைப் பார்த்துச் சாய்ந்தது. சுண்டுவிரல் நுழையும் துளை. அந்தத் துளை வழியாகத்தான் அது உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இன்றில்லாவிட்டால் நாளை, வெளியே வந்த ஏதோ ஒரு தரம், பிள்ளையிடமே திரும்பிப் போய்விடும்.

"அப்பா, பெட்டி தூங்குதா?" என்று வாலு கேட்டாள்.

"ஆமா செல்லம். நீ வரை."

 வேலையில் குறை வைக்கவில்லை. துளைக்குள் மரக்கட்டையைப் பசையோடு அடித்து இறக்கினார். சிலிக்கான் பசைக் குழாயின் முனையை வெட்டி, கட்டையைச் சுற்றி ஒரு வட்டம், ஸ்பீக்கர்களின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம், சேர்க்கைகளின் மேல் நீள நீளமாகக் கோடு. அதன் வினிகர் நாற்றம் கண்ணை எரித்தது. கடைசிக் கோட்டை விரலால் நீவி முடித்தபோது கூம்புகள் இரண்டும் கீழே இறங்கின. எப்போதையும்விட ஆழமாக. அங்கேயே நின்றன.

விசில் நின்றுவிட்டது. அவர் காதை வைத்துக் கேட்டார். எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு பெட்டி அடைத்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கை இரண்டும் கழுத்தில்.

சத்தம் இல்லை. இளைப்பு இல்லை. மூச்சே இல்லை.

ஒரே தாவலில் போய் அள்ளினார். முதுகைத் தட்டினார். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார், பென்சில் துண்டு இல்லை, ஒன்றும் இல்லை. வாயோடு வாய் வைத்து ஊதினார். காற்று உள்ளே போகவில்லை, சுவரில் ஊதினது போல அவர் கன்னத்திலேயே திரும்பியது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்தது. தூக்கிக்கொண்டு பெட்டியிடம் ஓடி வந்தார். அவளைப் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சிலிக்கானைப் பிய்த்தார். கட்டையைக் குறட்டால் பிடித்து இழுத்து எறிந்தார். துளை திறந்தது. கூம்புகள் எழவில்லை. சுத்தியலால் பலகையை அடித்தார், ஒரு தரம், ரெண்டு தரம், பதினெட்டு மில்லிமீட்டர், அவரே தேர்ந்தெடுத்தது, கீறல்கூட விழவில்லை.

"ஐயோ, அது நோய் இல்லம்மா" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "உன் மூச்சும்மா."

துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இடது கூம்பை உள்ளங்கையால் அழுத்தினார். யோசித்துச் செய்யவில்லை, கைப்பழக்கம். பக்கத்துக் கூம்பு எழுந்தது.

வாலுவின் மார்பு எழுந்தது.

கையை எடுத்தார். கூம்பு இறங்கியது. மார்பு இறங்கியது. நின்றது.

அழுத்தினார். எழுந்தது. விட்டார். இறங்கியது. அழுத்தினார்.

உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. போன் முன்னறையில். இருபது அடி. ஓடலாம் என்று எழுந்தார், மூன்றாவது அடியில் திரும்பிப் பார்த்தார், பிள்ளையின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது, திரும்பி ஓடி வந்து விழுந்து அழுத்தினார். பெட்டியை இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். தகரத்தில் மழை.

சுவர்க் கடிகாரத்தில் ரெண்டேகால். வாலுவின் அம்மா வர ஆறு மணி.

அழுத்தினார். விட்டார். வாலு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பேச முயன்றாள். அவள் உதடு அசைந்தது, கூம்பு நடுங்கியது.

"பேசாத கண்ணு. அப்பா இருக்கேன். அப்பா கைய எடுக்க மாட்டேன்."

அழுத்தினார். விட்டார். உள்ளங்கை வியர்த்தது. புதுக் காகிதம் வியர்வையை உறிஞ்சிக்கொண்டது. கையை மாற்றினார். அழுத்தினார். சுண்டுவிரலுக்கு அடியில், பசை வட்டத்தை ஒட்டி, ஈரமான காகிதம் மெல்லப் பிரிவது தெரிந்தது.

அரை அங்குலம். ஒரு அங்குலம்.

அழுத்தினார்.