நடுக் கதிரை

மீனவர் சங்கக் கட்டடத்தில் வந்திருந்தோர் விபரத்தைச் சப் இன்ஸ்பெக்டர் தயாளினி முதலில் எழுதினாள். வடக்குச் சுவரோடு, தமிழ்ப்பக்கத்து மீனவர் தலைவர் ஆனந்தராசா. தெற்குச் சுவரோடு, முஸ்லிம்பக்கத்துத் தலைவர் கலீலுர் றஹ்மான். வாசலில் சார்ஜன்ட் வினோதன். மேசையில் தான். ஆக நாலு பேர்.

கதிரை ஐந்து.

நடுவில் நின்ற ஐந்தாவது நனைந்திருந்தது.

"இதை ஆர் போட்டது?"

"அவங்கட ஆக்கள்," என்றார் ஆனந்தராசா.

"நாங்க போடல்ல மிஸ். பழக்கத்தில அவங்கதான் போட்டிருப்பாங்க," என்றார் றஹ்மான்.

இரட்டைத்துறையில் தெருவின் இரு பக்கத்தாரும் கலவரத்துக்குப் பிறகு நேரே கதைப்பதில்லை. கூட்டம் என்றால் றுவைஸ் என்ற மீனவன் நடுக் கதிரையில் இருந்து, ஒரு பக்கத்தின் சொல்லை மறு பக்கத்துக்குச் சொல்வான். இரண்டு பக்கத்துப் படகுகளும் டைனமைட் போட்டு மீன் பிடிப்பதைப் பொலிசில் சொல்லப்போவதாகச் சொன்னவனும் அவன்தான். நேற்று விடிய இறங்குதுறையில் மிதந்தான். மணிக்கட்டுகளில் கயிறு அறுத்த தடம்.

"வலை இழுக்கேக்க தவறி விழுந்தவன். அவ்வளவுதான். எழுதுங்கோ பிள்ளை," என்றார் ஆனந்தராசா.

"ஓம், அதுதான் நடந்த. கொலையெண்டு எழுதினா ஊர் பத்தும் மிஸ்."

இருவருக்கும் இன்று ஒரே கதை. நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

வெளியே கச்சான் காற்று புழுதியை வாரி யன்னலில் அடித்துக்கொண்டிருக்க, சீனன்குடாப் பக்கம் எழும்பிய விமானத்தின் இரைச்சல் தகரக் கூரையில் அதிர்ந்து அடங்க, மூன்று மாதமாக மழை காணாத அந்தச் சங்கக் கட்டடத்துக்குள் பாசியும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் மெல்ல மெல்ல ஏறிவர, சொன்னதைச் சொன்னபடியே அவள் எழுதினாள். கதிரையின் கீழே தண்ணீர் சொட்டியது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினாள். இருவரும் கையொப்பம் வைத்தார்கள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

இரண்டு கையொப்பங்கள். அவற்றின் கீழே ஒரு கைநாட்டு.

மை இல்லை. ஈரம். பெருவிரல் ரேகையின் குறுக்கே ஒரு வெட்டு. காலையில் பிரேத அறையில் அந்த விரலை அவள் பார்த்திருந்தாள்.

நிமிர்ந்தாள். இருவரும் நடுக் கதிரையைப் பார்த்தபடி. கால்களைத் தங்கள் கதிரைகளின் மேல் தூக்கியபடி.

சொட்டு. சொட்டு.

"கிழிங்க மிஸ்."

"கிழிச்சுப்போடு பிள்ளை!"

அவள் பேனையை எடுத்தாள்.

"ஏலாது. வந்திருந்த எல்லாற்ற பேரும் போடவேணும்."

நாலை வெட்டி ஐந்து என்று திருத்தினாள். நடுவில், றுவைஸ். பிறகு நீதவானுக்கான அறிக்கையில், மரணத்தின் காரணத்துக்கு நேரே, கொலை என்று எழுதினாள். எல்லாவற்றையும் உறையிலிட்டு அரக்கு வைத்து வினோதனிடம் நீட்டினாள்.

"நீதவானிட்டக் கையில குடுங்கோ."

"தனியத்தான் மிஸ் போகவேணும். என்னை ஏத்தவே இந்த மோட்டார் சைக்கிள் முனகுது," என்று சிரிக்கப் பார்த்தான்.

அவள் திரும்பினாள். நடுக் கதிரை காய்ந்திருந்தது.

வெளியே மோட்டார் சைக்கிள் உறுமியது. பின் இருக்கை தாழ்ந்தது. வினோதன் திரும்பிப் பார்க்கவில்லை. உறை சட்டைப்பைக்குள் இருக்க, பின் இருக்கையிலிருந்து புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழ, தெருவில் ஏறினான். அவனுடைய காக்கிச் சட்டையின் இடுப்பில், இரண்டு பக்கமும், இறுக்கிப் பிடித்த பத்து விரல்களின் ஈரம்.